ஸ்கூல்ல பிள்ளைங்க ஊர்ப் பேரையும் சொல்லட்டுமே

ஜூலை 21 வந்தா இங்க சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்க வேட்டி, பாவாடை சட்டை, குர்தான்னு போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவாங்க. இன நல்லிணக்க நாள். 1964ல இங்க நடந்த இனக் கலவரத்தை மறந்துடக்கூடாதுன்னு 1997லேருந்து ஸ்கூல்கள்ல நடத்துறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். ஆனா அன்னிக்கு நம்ம பிள்ளைங்க எல்லாரும் மொத்தமா "இந்தியர்"னு ஆயிடுறாங்க, ஒரு கோலம், கொஞ்சம் மருதாணி, ஒரு தட்டு முறுக்கு, முடிஞ்சுது.

ஒரே ஒரு தமிழ் வகுப்பை எடுத்துக்குங்க. கடையநல்லூர் குடும்பத்துப் பிள்ளை இருக்கும், யாழ்ப்பாணப் பூர்வீகம் உள்ள பிள்ளை இருக்கும், செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவரோட பேத்தி இருக்கும், அப்பாவோட ஐடி வேலைக்காக இப்பத்தான் கோயம்புத்தூர்லேருந்து வந்த பையன் இருப்பான். வீட்ல தெலுங்கோ மலையாளமோ பேசுற பிள்ளையும் இருக்கும், அதைத்தான் நாம அதிகமா மறந்துடுறோம். இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது எல்லாம் இங்க தாய்மொழிப் பாடமா எடுக்கலாம், தெலுங்கும் மலையாளமும் அந்தப் பட்டியல்ல கிடையாது, அதனால நம்ம மொழியைப் படிக்க வந்து உக்காந்திருக்கு அந்தப் பிள்ளை. அது உச்சரிப்புல தடுமாறினா ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. "உங்க வீட்ல ஓணம் எப்படிம்மா கொண்டாடுவீங்க"ன்னு ஒரு டீச்சர் கேட்டா அந்த முகம் எப்படி மலரும்!

ஊர் ஊர்னு பேசினா பிரிவினை வந்துடும்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1946ல ஆரம்பிச்சது யாரு? சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், அதாவது ஒரு ஊர்ச்சங்கம். அந்த ஊர்க்காரங்க ஆரம்பிச்ச பள்ளிதான் பிறகு சிங்கப்பூரோட ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியா நின்னுச்சு. 1982ல மூடிட்டாங்க, ஆனா அதே பேர்ல வந்த தமிழ்மொழி நிலையத்துக்கு, தங்களோட ஸ்கூல்ல தமிழ்ப் பாடம் இல்லாத பிள்ளைங்க இன்னிக்கும் போய்ப் படிக்கிறாங்க. சொந்த ஊர் மேல இருந்த பாசம்தான் எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் கதவைத் திறந்து விட்டுச்சு, இதை நெனச்சா எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போகுது.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிடுறேன். ஊர் எதுன்னு கேட்டு சாதியைத் தோண்டுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அது ஸ்கூல் கேட்டைத் தாண்டி உள்ள வரவே கூடாது. பிள்ளை சொல்லணும்னு நெனச்சா சொல்லட்டும், இல்லேன்னா "நான் ஈஷூன்காரி"ன்னு சொன்னாலும் அதுவும் ஊர்தான், தோ பாயோவும் ஊர்தான், சிங்கப்பூருக்குள்ள இருக்கிற பேட்டைன்னாலும்.

பெற்றோர் குழுவுல இருக்கிறவங்க ஏப்ரல் தமிழ் மொழி மாதத்துக்கு முன்னாடியே டீச்சர்கிட்ட பேசிப் பாருங்க. ஹால்ல ஒரு மேசை போதும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழும் அதுல பக்கத்துப் பக்கத்துல இருக்கட்டும், எங்கேருந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களே சொல்லட்டும், சீன மலாய்ப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க, அவங்க தாத்தா பாட்டி ஊரையும் கேளுங்க.