ஜகார்த்தா எங்கே முடிகிறது?

2025 நவம்பரில் ஐ.நா.வின் நகரமயமாதல் அறிக்கை வந்ததிலிருந்து ஒரு வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது: உலகின் மிகப் பெரிய நகரம் இனி டோக்கியோ இல்லை, ஜகார்த்தா. கிட்டத்தட்ட 4.2 கோடிப் பேர். அடுத்து டாக்கா, அதற்கப்புறம்தான் டோக்கியோ. கீழே கமெண்ட்களில் பாதி, "திடீரென்று இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?" ரகம்.

யாரும் திடீரென்று வரவில்லை. கோடு மாறியது, அவ்வளவுதான்.

2020 கணக்கெடுப்பில், தனி மாகாணமான ஜகார்த்தாவின் மக்கள்தொகை 1 கோடியே 5 லட்சம். பரப்பு 660 சதுர கி.மீ. சொச்சம். ஒட்டியிருக்கும் போகோர், டெபோக், பெக்காசி எல்லாம் மேற்கு ஜாவா மாகாணம். தாங்கெராங் பாந்தென் மாகாணம். ஐ.நா. இந்த எல்லைகளை ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தை ஒரு சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்தது. 1,500 பேராவது வசிக்கும் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போனால், அத்தனையும் ஒரே நகரம்.

இதைப் புள்ளிவிவர வித்தை என்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையான கணக்காகப் படுகிறது. காலையில் போகோரிலிருந்து ஜகார்த்தாவுக்கு வரும் மின்ரயிலில் முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் பெண்களுக்கு. நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு, மாகாண எல்லை எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடந்தது என்பதா கவலை? (அந்தத் தடங்களில் ஓடியவற்றில் நிறைய, டோக்கியோவில் உழைத்து ஓய்வுபெற்ற பழைய ரயில்கள். முதலிடத்தோடு சேர்த்து வண்டியையும் வாங்கிக்கொண்டார்கள்!)

ரயிலாவது பரவாயில்லை, தண்ணீரைப் பாருங்கள். சிலிவுங் ஆறு தெற்கே மலையில் பிறந்து போகோர், டெபோக் வழியாக ஜகார்த்தாவுக்குள் நுழைகிறது. போகோரில் கத்துலாம்பா என்றொரு அணை. அங்கே அளவுகோலில் தண்ணீர் ஏறினால் ஜகார்த்தாவுக்கு எச்சரிக்கை போகும். பல மணி நேரம் கழித்து அதே தண்ணீர் ஜகார்த்தாவின் கம்பொங் மெலாயு பகுதி வீடுகளுக்குள் வந்து நிற்கும். மலைச்சரிவில் மரம் வெட்டி வீடு கட்ட அனுமதிப்பது ஒரு நிர்வாகம், வெள்ளத்தில் சேறு வாருவது இன்னொன்று.

வடக்கே கதை வேறு. ஜகார்த்தாவின் கடலோரப் பகுதியான முவாரா பாருவில் கடல் தடுப்புச் சுவருக்கு ஒரு பக்கம் கடல். மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த தெரு. சுவருக்கு வெளியே ஒரு பள்ளிவாசல் தண்ணீருக்குள் கைவிடப்பட்டு நிற்கிறது. கடல் உயர்வதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீர் போதாமல் ஆழ்குழாய் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, அடியிலுள்ள களிமண் அமுங்கி நிலம் இறங்குகிறது. டோக்கியோவின் கிழக்குப் பகுதியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இறங்கியது, சில இடங்களில் 4 மீட்டருக்கு மேல். நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திய பிறகுதான் அடங்கியது. ரயிலை வாங்கியவர்கள் இதையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மாறாக, 2019-இல் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ தலைநகரையே போர்னியோ தீவிலுள்ள கலிமந்தானுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். சரி, அமைச்சகங்கள் நுசாந்தாரா என்ற அந்தப் புதுத் தலைநகருக்குப் போகட்டும். போகோர் ரயிலில் வருகிறவர்களில் எத்தனை பேர் அமைச்சக ஊழியர்கள்? மிச்சமுள்ள 4 கோடிப் பேருக்கு ஒரே குடிநீர் வாரியம், ஆறு முழுவதற்கும் ஒரே நிர்வாகம் என்று கேட்டால், மூன்று மாகாணங்களில் எந்த ஆளுநர் தன் அதிகாரத்தை முதலில் விட்டுக்கொடுப்பார்?