டாப் ஸ்டேஷன் ஒரு ஊராகவும் இருந்தது

மலைக் கணவாய்களில் இருந்த குடியிருப்புகள் பக்கத்து ஊர்களோடு கரைந்துபோனதைச் சொல்லும் உங்கள் கட்டுரையில், மூணாறுக்கு அருகே மலைமேல் இருக்கும் எங்கள் டாப் ஸ்டேஷனைக் காணோமே என்று வருத்தமாக இருந்தது. மூணாறுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வெறும் வியூ பாயிண்ட். ஆனால் பெயரிலேயே 'ஸ்டேஷன்' இருக்கிறது பாருங்கள்! 1902இல் மூணாறிலிருந்து ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இல் இரண்டடி அகல ரயில். தேயிலைப் பெட்டிகள் இங்கே இறங்கி, கம்பிவட ரோப்வேயில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டக்குடிக்குப் போகும். அங்கிருந்து போடி, பிறகு தூத்துக்குடி, கப்பல். எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கும்! 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. இன்று டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம் கொட்டக்குடி ஊராட்சியில் ஒரு சிற்றூர். அந்த நிலையம் இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டாவது வையுங்கள்.