ஊலாங் செடியில் வெள்ளைத் தேயிலை

வெள்ளைத் தேயிலை என்றாலே சீனாவின் ஃபூடிங் பக்கத்து மொட்டுதான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. ஊலாங் என்கிற, பாதி கன்றவிட்ட தேயிலைக்கென்று வளர்க்கும் செடியின் இலையிலும் அதைச் செய்கிறார்கள். போன மாதம் தைபேயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். ஜின் ஷுவான் ரகம், இந்த வருஷத்து வசந்தப் பறிப்பு. தைவான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1981-இல் வெளியிட்ட 12-ஆம் எண் செடி அது. பால் மணத்துக்காக 'பால் ஊலாங்' என்று பெயர் வாங்கியதும் இதே இலைதான்.

பிரித்ததும் ஊலாங்கின் வழக்கமான உருண்டைகளைத் தேடினேன். இல்லை. அள்ளினால் சருகு மாதிரி சலசலக்கிறது. ஒரே இலையில் பச்சையும் பழுப்பும், காம்பில் மட்டும் செம்மை. ஊலாங் என்றால் இலையைக் குலுக்கி ஓரத்தைக் கன்றவிட்டு, சூட்டில் வாட்டி, உருட்டுவார்கள். வெள்ளைத் தேயிலைக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. நிதானமாக வாடவிட்டு உலர்த்துவதோடு சரி.

5 கிராம் இலைக்கு 150 மில்லி வெந்நீர், 85 டிகிரி சூடு. முதல் ஊற்றில் வைக்கோல் வாசனையும் வெள்ளரிக்காய் நறுக்கினாற்போல் ஒரு பச்சை வாடையும். பால் மணத்தை எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான். அதே இலையில் மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றியபோதுதான் பூ மணம் எழுந்தது. அப்புறம் காலிக் கோப்பையை மோந்து பார்த்தால் தேன்!

புதுசு என்பதால் அந்தப் பச்சை வாடை எனக்குக் கொஞ்சம் தூக்கல். வெள்ளைத் தேயிலை ஓராண்டு தேநீர், மூன்றாண்டு மருந்து, ஏழாண்டு புதையல் என்பது சீனத்துப் பேச்சு. மிச்சத்தை டப்பாவில் அடைத்து மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மா கண்ணில் பட்டால் பாலும் இஞ்சியும் சேர்ந்துவிடும்.