1073 தொகுப்பு நூல் எங்கே உருவானது?

கீவ் இளவரசர் ஸ்வியாத்தோஸ்லாவுக்காக 1073-இல் எழுதப்பட்ட 'இஸ்போர்னிக்' (பல நூல்களிலிருந்து எடுத்த பகுதிகளின் தொகுப்பு) கீவிலேயே புதிதாகத் தொகுக்கப்பட்டது என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. அந்தக் கையெழுத்துப் படி கீவ் இளவரசருக்கானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூல் அதைவிடப் பழையது. பல்கேரிய அரசர் சிமியோனுக்காக (ஆட்சி 893–927) கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட தொகுப்பின் பிரதி அது.

நீங்களே சரிபார்க்கலாம். இதே தொகுப்புக்கு 1445-ஆம் ஆண்டுப் படி ஒன்று வட ரஷ்யாவின் கிரில்லோ-பெலோசெர்ஸ்கி மடாலயத்திலிருந்து கிடைத்திருக்கிறது. இரண்டிலும் அரசரைப் புகழும் பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புகழுரை ஒன்றுதான். 1073 படியில் ஸ்வியாத்தோஸ்லாவ் பெயர் வரும் இடத்தில், அந்தப் பிந்தைய படியில் சிமியோன் பெயர் இருக்கும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் ஓர் எழுத்தர் அந்தப் பெயரை அப்படியே எழுதி வைத்தது நமக்குக் கிடைத்த பெரிய கொடை.