மலிவு என்றால் வாளிகூட இருக்காதா?

மலிவான அறையில் தங்குகிறவன் எதையும் கேட்கக்கூடாது என்று எந்த ஊரில் சட்டம் போட்டிருக்கிறார்கள்? நான் பட்டு மெத்தை கேட்கவில்லை. நீச்சல் குளம் கேட்கவில்லை. குளிர்சாதனம்கூடக் கேட்கவில்லை, மின்விசிறி அறைதான் கேட்டேன், அதற்கு அவர்கள் சொன்ன பத்து டாலரைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். சட்டையை மாட்டச் சுவரில் ஓர் ஆணி, குளிக்க ஒரு வாளி, ஓட்டையில்லாத கொசுவலை, படுத்தபடியே எட்டக்கூடிய ஒரு ஸ்விட்ச். என் ஆசைப் பட்டியல் அத்தோடு முடிந்தது. இதில் ஒன்றுகூட இல்லாத அறைக்கு ‘ஆற்றங்கரை அறை’ என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுகிறார் ஒரு மனிதர். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இடம் கம்போடியாவின் தெற்கில் உள்ள கம்போட். புனோம் பென்னிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஊர்மேல் ஒரு வருத்தமும் இல்லை. சியானூக்வில் துறைமுகம் கட்டப்படும்வரை நாட்டின் முக்கியமான கடல்வழி வாசலே இந்தச் சின்ன ஊர்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மஞ்சள் நிறக் கடைவீடுகள், அகலமான ஆறு, அக்கரையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு போகோர் மலை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஓதம் ஏறி இறங்கும். ஆற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். மணல் மட்டும் மிஞ்சிய ஆறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியே ஒரு விருந்து.

அந்த விருந்தைத்தான் விடுதிக்காரர் தன் குறைகள் அத்தனைக்கும் மூடியாக வைத்திருக்கிறார். வாளி இல்லையா? “ஆற்றைப் பாருங்கள்.” கூரை ஒழுகுகிறதா? “சூரியன் மறையும்போது மாடிக்கு வாருங்கள், அருமையாக இருக்கும்.” ஐயா, அந்த ஆற்றை நீரா வெட்டினீர்? சூரியன் மறைவதற்கு நீரா மின்கட்டணம் கட்டுகிறீர்? ஊர் இலவசமாகக் கொடுத்ததை எல்லாம் விலைப்பட்டியலில் ஏற்றிவிட்டு, தன் கையால் செய்யவேண்டியதில் ஒன்றையும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

சரி, அறையிலிருந்து அந்த ஆறாவது தெரிந்ததா? தெரியும். குளியலறைச் சாளரத்துக்கு அடியில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் தெரியும். முக்காலி கிடையாது.

குளியலறையைப் பற்றித் தனியாகவே பேசவேண்டும். கழிப்பிடத்துக்கு நேர் மேலே ஷவர் இருப்பது அந்தப் பக்கத்து நாடுகளில் வழக்கம்தான், அதில் எனக்குப் புகார் இல்லை. கழுவிக்கொள்ளக் கைக்குழாய் வைத்திருக்கிறார்கள்; அந்த நாகரிகத்துக்காக அந்த நாட்டை மனமார வாழ்த்துகிறேன், ஐரோப்பாவின் பல நாடுகளில் அலைந்தாலும் அது கிடைக்காது. ஆனால் தண்ணீர் போகும் துளையை யாராவது அறையின் மேடான மூலையில் வைப்பார்களா? தண்ணீர் மேட்டில் ஏறாது என்பதை அறிய பொறியியல் பட்டம் தேவையில்லை. குளித்து முடித்தால் குளியலறைத் தண்ணீர் முழுவதும் வாசற்படியைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் போய் என் பையைத் தேடுகிறது. ஷவரிலோ சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர். அதற்குத்தான் வாளி கேட்டேன். வாளியும் ஒரு குவளையும் இருந்தால் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மானமாகக் குளித்துவிடலாம். சந்தையில் இரண்டும் சேர்ந்து மிஞ்சினால் இரண்டு மூன்று டாலர். வரவேற்பு மேசையில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “துணி துவைப்பதற்கா? வெளியில் போடுங்கள், கிலோ ஒரு டாலர்” என்றான்.

துணியை மாட்ட இடமில்லை என்றேனல்லவா? கதவுக்குப் பின்னால் கொக்கி ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. திருகாணி போட்ட இரண்டு துளைகள் சாட்சி சொல்கின்றன. கொக்கி உடைந்து எத்தனை பேர் வந்து தங்கிப் போயிருப்பார்கள், அத்தனை பேரும் ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு துளைகளையும் முறைத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று, சுவரில் தொங்கிய வெந்நீர்ப் பெட்டி. ஷவருக்கு ஒரு முழம் தள்ளி, மூடி இல்லாமல், உள்ளே இருக்கும் கம்பிகளுக்குக் கறுப்பு நாடா சுற்றிய பெட்டி. அங்கேயும் நம்மூரைப்போல 230 வோல்ட்தான். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறவனுக்கு அது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. நான் அதைத் தொடவே இல்லை. எனக்கு முன்னால் அந்த அறையில் தங்கியவர்கள் தொட்டிருப்பார்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்களும் தொடுவார்கள். பையனிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “வெந்நீர் நன்றாக வரும்” என்று உறுதி கொடுத்தான்.

கொசுவலைக்கு வருவோம். வலை இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஓட்டைகளை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே சுருங்கிப்போய், கட்டிலின் முக்கால் பாகத்தை மட்டும் மூடியது. தலையைக் காப்பதா காலைக் காப்பதா என்று தினமும் முடிவெடுக்கவேண்டும். அறைக்குப் பின்புறம் ஆளுயரத்தில் பாதி இருக்கும் பெரிய தண்ணீர்ச் சாடிகள் இரண்டு திறந்தபடி கிடந்தன. கம்போடியா முழுவதும் வீடுகளில் மழைநீர் பிடித்துவைக்கும் சாடிகள் அவை; நல்ல பழக்கம். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகும் முக்கிய இடமும் அந்தச் சாடிகள்தான் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறைக்கும் ஊர்மக்களுக்கும் எப்போதோ தெரிந்த விஷயம். 2019-இல் அங்கே டெங்கு வெறியாட்டம் ஆடியது. மூடி போடுவார்கள், புழுக்கொல்லி மருந்து போடுவார்கள், சிலர் குட்டி மீன் வளர்த்துப் புழுவைத் தின்னவைப்பார்கள். இந்த விடுதியில் மூடியும் இல்லை, மருந்தும் இல்லை, மீனும் இல்லை. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு வேறு. இரவுக்கு முக்கால் வலை என்றால் பகலுக்கு அதுவும் கிடையாது. சன்னலுக்குக் கம்பிவலை அடிக்க எவ்வளவு ஆகிவிடும்? அந்தப் பணத்தில் மாடியில் வண்ண விளக்குச் சரம் தொங்கவிட்டிருக்கிறார், படத்தில் நன்றாக விழுமாம்.

மழையைப் பற்றிச் சொன்னால், “வெப்பமண்டலம் என்றால் அப்படித்தான்” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். இதைச் சொல்வது யார்? வேறு ஏதோ குளிர்நாட்டிலிருந்து வந்து விடுதி நடத்துகிறவர். என்னிடமா வெப்பமண்டலத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது? நான் அதில் பிறந்தவன். மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து அந்த மலைகளில் மோதிக் கொட்டும் என்பது கம்போட்டில் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வூர்க்காரர்கள் கூரையை நீட்டிச் சாய்வாக இறக்குகிறார்கள், சன்னலுக்கு மரக்கதவு வைக்கிறார்கள். நம் விடுதிக்காரர் சன்னலுக்குத் திரைச்சீலை வைத்திருந்தார். சாரல் உள்ளே வந்து மெத்தை நனைந்து, அது காயாமல் பூசணம் பூத்து, ஒரு மணம் வந்தது பாருங்கள், அதற்கு நடுவேதான் சுவரில் அறிவிப்பு: அறைக்குள் துரியன் பழம் கொண்டுவந்தால் அபராதம். ஊரின் நடுச்சந்தியில் யானை அளவுக்குத் துரியன் சிலை வைத்துக் கொண்டாடுகிற ஊர் அது. துரியனைக் கொண்டுவந்திருந்தால் அந்த அறை கொஞ்சம் மணத்திருக்கும்.

சத்தத்தைப் பற்றிப் பேச நமக்கு முழு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் கல்யாணப் பாட்டைப் போட்டார்கள். ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில் படித்துத் தேர்வு எழுதியவன் நான். எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன், மணப்பெண் உடை மாற்றி மாற்றி வந்தது நன்றாக இருந்தது. கூரையில் பெரிய பல்லி ‘டோக்கே, டோக்கே’ என்று அதட்டியதிலும் குறையில்லை, அது கொசுவையாவது தின்னும். எனக்குப் பொறுக்காதது விடுதியின் சொந்த மதுக்கூடம். என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒலிபெருக்கிப் பெட்டி, நள்ளிரவு தாண்டியும் அதிர்வு. அமைதியான ஆற்றங்கரை என்று எழுதி ஆளை அழைத்துவிட்டு, படுக்கையோடு சேர்த்து உலுக்குவதற்குப் பெயர் என்ன?

ஸ்விட்ச் கதை சின்னது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒரே ஸ்விட்ச். இருட்டில் காற்று வேண்டும் என்றால் பல்பைக் கழற்றவேண்டும். கழற்றினேன்.

இத்தனையும் சொன்னால் நண்பர்கள் உடனே, “பத்து டாலருக்கு வேறென்ன எதிர்பார்த்தாய்?” என்கிறார்கள். இந்தக் கேள்விதான் இந்தப் பதிவையே எழுதவைத்தது. அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, ஒரு பாட்டி தன் வீட்டு மாடியில் சில அறைகளை விடுகிறார். கடைசியில் அங்கேதான் மாறினேன். வாடகை அதே பத்து டாலர். தரை பழைய ஓடு, கட்டில் இன்னும் பழையது. ஆனால் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன்மேல் கவிழ்த்து வைத்த குவளை, கதவில் மூன்று ஆணி, ஓட்டை விழுந்த இடங்களில் துணி வைத்துத் தைத்த வலை. தண்ணீர்ச் சாடிக்குத் தகர மூடி, அதன்மேல் ஒரு கல். ஆறும் தெரியாது, தெரியும் என்று அவர் சொல்லவும் இல்லை. காலையில் பேரனை அனுப்பி எதிர்க்கடையில் அரிசி நூடுல்ஸ் வாங்கித் தந்தார், கடை விலைக்கே. முந்தைய விடுதியில் ‘இலவசக் காலை உணவு’ என்பது ஆறிப்போன இரண்டு ரொட்டித் துண்டும் பொட்டலக் காப்பித்தூளும். உலகம் தேடி வாங்கும் மிளகு விளைகிற மண், 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகு. ஒரு முட்டையில் தூவித்தரக்கூடாதா?

வசதியைப் பற்றியதல்ல என் சண்டை. அந்த ஊரின் பழைய பாலத்தைப் பாருங்கள். எழுபதுகளில் நாட்டை ஆட்டிப்படைத்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் காலத்தில் உடைந்ததைக் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் வடிவமே பொருந்தாது. ஆனாலும் ஆளைக் கரை சேர்த்தது. பணமில்லாமல் செய்த வேலை அப்படித்தான் இருக்கும், அதை யாரும் பழிக்கமாட்டார்கள். விடுதிக்காரரிடம் பணமில்லை என்று சொல்லமுடியாது. அவரிடம் இல்லாதது தன் அறையில் ஒருநாள் தானே படுத்துப் பார்க்கும் எண்ணம்.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூடத்தில் ஊஞ்சல் தூளியில் தூங்கி, நள்ளிரவில் வருகிறவனுக்குக் கதவு திறந்து, விடிந்ததும் ரொட்டி சுட்டு, அறையும் பெருக்குகிறவன் அவன்தான். வாளி வாங்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. முதலாளி ஸ்கூட்டரில் வந்து மதுக்கூடத்துக் கல்லாவை எண்ணிக்கொண்டு போவதைத்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது நடந்ததையும் கேளுங்கள். கம்போடியாவில் டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்கும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். டாலர் நோட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள்; அது நாடு முழுவதும் உள்ள வழக்கம். வந்த அன்று என் பத்து டாலர் நோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, முனை மடங்கியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, வேறு நோட்டு வாங்கினார்கள். சாவிக்கு முன்பணமாக ஐந்து டாலர், கூடவே கடவுச்சீட்டையும் வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டார்கள். பதிவுக்கு நகல் போதாதா என்றதற்கு, விதி என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டபோது அன்று முதலாளியே மேசையில் இருந்தார். இழுப்பறையைத் துழாவிக் கடவுச்சீட்டை எடுத்தார், அதன் அட்டையில் ஒரு காப்பி வட்டம். ஐந்து டாலர் நோட்டு ஒன்றையும் நீட்டினார். நடுவில் கிழிந்து, ஒட்டுநாடா போட்ட நோட்டு.

“வேறு நோட்டு கொடுங்கள்” என்றேன்.

“இது செல்லும்” என்றார்.

“அப்படியானால் நீங்களே வைத்துக்கொண்டு எனக்கு ரியலாகக் கொடுங்கள்.”

அவர் முகம் சுளித்து, கல்லாவைத் திறந்து, 20,000 ரியலை மெதுவாக எண்ணினார். நானும் அதே வேகத்தில் ஒவ்வொரு நோட்டாக விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து வாங்கினேன். பின்னால் இரண்டு பேர் அறை கேட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். அவர்களிடம் திரும்பி, நான்கு வீடு தள்ளி வாளியுள்ள அறை இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.