தோளில் ஏற்றின ஒரு ஊசிக்கு எத்தனை கோட் ஐயா?

"ஆர்த்ரோகிராம் செய்யப்பட்டது." மூட்டுக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள் என்று அர்த்தம். ரிப்போட்டில் இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு அமெரிக்காவில் டொக்டர் வீட்டுக்குப் போய்விடுவார். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சாமம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சார்ட் பார்த்து, இன்சூரன்ஸ் பில்லுக்காக ஒவ்வொரு வைத்தியத்துக்கும் கோட் இலக்கம் போடுகிற கோடர்களின் தலையில்தான் அது வந்து விடியும். இன்சூரன்ஸ் பணம் தராமல் கிளெய்மைத் திருப்பினால் உடனே "கோடர் பிழை". எந்த நியாயத்தில்?

தோள்மூட்டையே எடுங்கள். மூட்டுக்குள் கொன்ட்ராஸ்ட், அதாவது படத்தில் உள்ளே இருப்பதைத் தெளிவாய்க் காட்டுகிற மருந்து, ஏற்றினதற்கு 23350. அதுவரை சண்டையில்லை. மறுகாதான் வில்லங்கம். ஃபுளோரோஸ்கோபியில், அதாவது ஓடுகிற எக்ஸ்ரேயில், தனியாகப் படம் எடுத்து, கொன்ட்ராஸ்ட் எங்கே கசிந்தது, எது கிழிந்திருக்கிறது என்று அந்தப் படங்களுக்கே வாசிப்பு எழுதியிருந்தால் 73040. ஊசி சரியான இடத்தில் இறங்கியதா என்று பார்க்க மட்டும் ஃபுளோரோவைப் போட்டு, ஆளை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பியிருந்தால் 77002, கூடவே எம்.ஆர்.ஐ.க்கு 73222. 73040-க்குள் ஃபுளோரோ அடங்கிவிடும். அதோடு 77002 போட்டால் டினையல், பணம் மறுப்பு. 77002 தனியே நிற்கவும் மாட்டாது, 2017 முதல் அது ஒட்டுக் கோட். இப்போது அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதைப் போடுவது? குறி பார்த்தா?

எம்.ஆர்.ஐ. பக்கம் போனால் இன்னும் கூத்து. கொன்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தால் 73221, கொன்ட்ராஸ்டோடு 73222, முதலில் இல்லாமல் எடுத்து மறுகா கொன்ட்ராஸ்டோடும் எடுத்தால் 73223. மூட்டுக்குள் விட்டதும் கொன்ட்ராஸ்ட்தான், இரத்த நாளத்தில் ஏற்றினால் மட்டும்தான் என்றில்லை. ஆனால் இன்சூரன்ஸிடம் அனுமதி வாங்குகிற மேசைக்கு இது தெரியாது. 73221-க்கு அனுமதி வாங்கி வைப்பார்கள், எடுத்தது 73222. பணம் வராது. அதற்கும் நாங்கள்தான்!

மருந்துக்குப் பில் போடுகிற யூனிட் கணக்கைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா தெரியாது. எம்.ஆர்.ஐ. கொன்ட்ராஸ்டான கடோலினியத்தை அப்படியே மூட்டுக்குள் விடுவதில்லை. 20 மில்லிலீட்டர் சேலைனில் 0.1 மில்லிலீட்டர் அளவுக்குக் கரைத்து, அதில் ஒரு 12 மில்லிலீட்டரைத் தோளில் ஏற்றுவார்கள். ஏ9579 என்ற கோட் ஒரு மில்லிலீட்டர் கடோலினியத்துக்கு ஒரு யூனிட். ரிப்போட்டில் "12 மில்லிலீட்டர் கொன்ட்ராஸ்ட் கலவை" என்று மட்டும் கிடக்கும். புதுப் பிள்ளை 12 யூனிட் போடும். போனது 0.1 கூட இல்லை, ஒரு யூனிட்டைத் தாண்ட வழியே கிடையாது. கரைத்த அளவை எழுத அரை வரி போதும். அந்த அரை வரிக்குத்தான் அங்கே பஞ்சம்.

கோட்டோடு ஒட்டுகிற மொடிஃபையர் குறியில் மட்டும் கொஞ்சம் நம்மவர் குற்றமும் உண்டு, ஒளிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி மெஷினில் எடுத்த படத்துக்கு டொக்டர் பங்கு என்று 73222-இல் 26 போடலாம், 77002-இலும் போடலாம். 23350-இல் போட்டால் திரும்பும்; அது ஊசிக் கோட், பிரித்துப் பில் போட அதில் டொக்டர், மெஷின் என்று இரண்டு பங்கு இல்லை. வலது தோள் என்று ஆர்.டி. ஒட்டிவிட்டு, நோய்க் கோட்டில் எம்25.519, அதாவது "தோள் வலி, எந்தத் தோள் என்று தெரியாது", என்று போடுகிற ஆட்களை என்ன செய்ய? வலதுக்கு எம்25.511, இடதுக்கு எம்25.512. ரிப்போட்டின் தலைப்பிலேயே பக்கம் இருக்கும்.

முழங்கால் ஆர்த்ரோகிராம் ஊசிக்கு 27370 என்று இன்னும் மனப்பாடத்தில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 2019-இல் நீக்கப்பட்டது, இப்போது 27369. சும்மா முழங்கால் ஊசிக்கெல்லாம், 20610 போடவேண்டிய இடத்தில், அந்தப் பழைய கோட்டைப் போட்டுத் தள்ளினார்கள். அதனால்தான் புதுக் கோட்டின் பெயரிலேயே கொன்ட்ராஸ்டையும் ஆர்த்ரோகிராஃபியையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் என்றால் டொக்டருக்குக் கேள்வி அனுப்பு என்று சொல்வார்கள். ஓம், அனுப்புகிறோம். "ஃபுளோரோ படங்களுக்குத் தனி வாசிப்பு உண்டா? ஊசிக்கு வழிகாட்ட மட்டுமா?" நியூயோர்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை. இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வரும்: "ரிப்போட்டைப் பார்க்கவும்."

ரிப்போட்டில் இல்லை என்றுதானே கேட்டது!