குடும்பத்தோட நம்பிக்கைனா யாரோட நம்பிக்கை?

கவுன்சிலிங் ட்ரெய்னிங் எதுக்குப் போனாலும் இப்ப ஒரே பாட்டுதான், "குடும்பத்தோட நம்பிக்கைய மதிச்சு வேலை பாருங்க". கோத்தகிரி பக்கம் நானும் அதத்தான் பண்றேன், ஆனா குடும்பத்தோட நம்பிக்கைனு நம்மகிட்ட வந்து சொல்றது யாருன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, அதான் கடுப்பு.

முர்ரே போவன்னு அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட், குடும்பத்துக்குள்ளயே இருந்தாலும் தனக்குன்னு ஒரு நிலைப்பாடு வேணும்னார். அத சில பேரு தனிக்குடித்தனம் போங்கன்னு புரிஞ்சுக்கிட்டு அட்வைஸ் பண்றாங்க. உறவ அறுத்துக்கிட்டு போறதையே அந்த மனுஷன் பிரச்சினையாதான் பாத்தார்! 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்த தோட்டத் தொழிலாளி குடும்பம், எஸ்டேட் லைன் வீட்டுல மூணு தலைமுறை ஒண்ணா படுக்குது, அங்க போய் எல்லை போடுங்கன்னா சிரிப்பாங்க.

அப்படி ஒரு வீடு (அடையாளம் மாத்திருக்கேன்). மருமகளுக்கு தூக்கமே இல்ல. குலதெய்வத்துக்கு கெடா வெட்டுறதா வேண்டுனது பாக்கி, அதான் இப்படின்னாங்க மாமியார். நான் மறுத்துப் பேசல. அங்க போய் உங்களுக்கு எப்படி ஃபீல் ஆகுதுன்னு கேட்டா "என்னத்த சொல்ல"ன்னு முடிஞ்சிரும், அதனால இத்தாலில மிலான் டீம்னு குடும்ப சிகிச்சை பாத்த குழு கொண்டுவந்த முறைல ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர்கிட்ட கேட்டேன்: "மருமக ராத்திரி முழிச்சிருந்தா மொதல்ல யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத்தான், அடுப்பங்கர லைட் எரியும்ல."

அந்தப் பொண்ணு அப்பதான் தலைய தூக்கி மாமியாரப் பாத்துச்சு.

அப்புறம் தனியா பேசுறப்ப சொல்லுது, "எனக்கு அந்த சாமி மேலயே கோவம்க்கா, எவ்ளோ கும்புட்டும் இவரு குடிய விடலயே". இதுவும் அந்த வீட்டோட நம்பிக்கைதானே? மாமியார் சொன்னத மட்டும் எழுதிக்கிட்டு வந்திருந்தா குடிப்பேச்சே வந்திருக்காது. கடைசில கெடா வெட்டு தை மாசம்னும், அதுக்கு முன்னாடி மகன் குடி நிறுத்துற சிகிச்சைக்கு போகணும்னும் மாமியாரே சொல்லிட்டாங்க, அவங்க வாயால வந்ததாலதான் அவரும் தலையாட்டுனார்.

அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்ட முடியாது. அடி உதை இருந்தா எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கவே மாட்டேன், அந்தப் பொண்ண தனியா பாத்து, 2005 குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்தையும் 181 பெண்கள் உதவி நம்பரையும் சொல்லிட்டுதான் மத்தது. "எங்க வழக்கம்"னு மாமனார் சொன்னா சொல்லட்டும்.

குடும்பத்த கூட வச்சு வைத்தியம் பாக்குறது வெளிநாட்டு சரக்குன்னு கமெண்ட்ல வராதீங்க, அமிர்தசரஸ்ல மனநல டாக்டர் வித்யாசாகர் 1950கள்லயே நோயாளியோட சொந்தக்காரங்கள ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டு தங்க வச்சவரு.

ட்ரெய்னிங் நடத்துறவங்களுக்கு ஒரே கோரிக்கை, ரோல்ப்ளேல மாமியாருக்கு அவ்ளோ வசனம் எழுதுறீங்கல்ல, மருமகளுக்கும் ரெண்டு வரி குடுங்க.